காணாமல் போன விமானத்தின் ஒலி கடலுக்குள் ஏன் கேட்பதில்லை?

வாசகர் கேள்வி: 13 ஜனவரி 2024

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகள், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில் 3400 மீட்டர் ஆழத்தில் படம் பிடிக்கப்பட்டிருப்பதாக நேற்று அறிவித்திருக்கிறார்கள். அதில் 29 பேர் சென்றார்கள். கருப்புப் பெட்டி தண்ணீரில் விழுந்தவுடன் ஒலி எழுப்பத் தொடங்கிவிடும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ஏழரை ஆண்டுகள் எதற்கு? அன்று தேடிய கப்பல்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை என்றுதானே பொருள்?

14 ஜனவரி 2024

உங்கள் கடைசி வாக்கியத்தை ஏற்க முடியவில்லை. அந்த விமானத்தில் கேட்பதற்கு எதுவுமே இல்லை. நீருக்கடியில் ஒலி எழுப்பும் பீக்கன் அதில் பொருத்தப்படவில்லை என்பது 2016லேயே வெளிவந்த செய்தி. அவசர காலத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவி இருந்தது. ஆனால் அது வானொலி அலை. கடல்நீர் வானொலி அலையைச் சில அடிகளுக்குள்ளேயே விழுங்கிவிடும். ஆகவே விமானம் நீரில் மூழ்கிய கணத்திலிருந்து அது ஊமைதான். தேடியவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பீக்கன் உள்ள விமானங்களின் கதையும் நாம் நினைப்பதுபோல் எளிதாக இல்லை. நான் பதினொரு ஆண்டுகள் ஆழ்கடல் அளவைக் கப்பல்களில் ஒலிக்கருவிகளைக் கையாளும் வேலையில் இருந்தவன். பெரும்பாலான காலம் காக்கிநாடாவுக்கு வெளியே வங்கக் கடலில். விமானம் எதையும் தேடியதில்லை. ஆனால் அதே வகைப் பீக்கனைத் தேடி, கேட்டதாக நம்பி, ஏமாந்திருக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

14 ஜனவரி 2024, இரவு

பீக்கனைப் பற்றி. அது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக உருளை. அதன் ஒரு முனையில் உள்ள தொடுமுனையை நீர் நனைத்தவுடன் மின்சுற்று இணைந்து, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் துடிப்பை வெளியிடும். அதன் அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் அறியாது. ஆகவே நாம் "டிக் டிக்" என்று கேட்பது, கருவி அதைக் கீழிறக்கித் தரும் ஒலிதான். மின்கலம் 30 நாட்கள் தாங்கும். 6000 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தையும் உருளை தாங்கும்.

ஒரு மீட்டர் தொலைவில் அதன் உரப்பு சுமார் 160 டெசிபெல். (இது நீருக்கான அளவுகோல், காற்றில் நாம் சொல்லும் டெசிபெலோடு ஒப்பிடக் கூடாது.) ஒலி எல்லாத் திசையிலும் பரவுவதால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 60 டெசிபெல் குறையும். இதற்கு மேல், இந்த அதிர்வெண்ணில் கடல்நீரே கிலோமீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல் உறிஞ்சுகிறது. நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட் இதற்கு முக்கியக் காரணம். இப்போது கணக்கிடுங்கள்: ஒரு கிலோமீட்டரில் 90 மிஞ்சும், இரண்டில் 74, நான்கில் 48. அந்த 48ஐக் காற்று, அலை, மழை, கப்பலின் சுழலி ஆகியவற்றின் இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுக்க வேண்டும். நடைமுறையில் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கேட்டால் அதை நல்ல நாள் என்போம்.

வங்கக் கடலின் நடுப்பகுதி மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழமானது. அதாவது பீக்கனுக்கு நேர் மேலே, கடல் மட்டத்தில் நின்று கேட்டாலும் அது கேட்காமல் போகலாம்.

16 ஜனவரி 2024

இரண்டு திருத்தங்கள்.

முதலாவது: 30 நாள் என்று எழுதியது பழைய விதி. 2009ல் அட்லாண்டிக் கடலில் நேர்ந்த ஏர் பிரான்ஸ் விபத்துக்குப் பிறகு 90 நாள் தாங்கும் பீக்கன்கள் வந்தன. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2018ஐக் காலக்கெடுவாக வைத்தது. பெரிய விமானங்களின் உடற்பகுதியில் 8.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் மற்றொரு பீக்கனையும் அது விதித்தது. அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் கடல் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்குத்தான் உறிஞ்சும், ஆகவே அது பல மடங்கு தொலைவுக்குக் கேட்கும். இந்த விதிகள் பயணிகள் விமானங்களுக்கு உரியவை. இராணுவ விமானங்கள் இந்த விதிகளுக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கைக்குள் வராதவை. அவற்றுக்கு அந்தந்த நாடே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது: உறிஞ்சும் அளவு ஆழம் கூடக்கூடக் குறைகிறது. ஆகவே என் கணக்கு மேல்நீருக்குச் சரி. ஆழத்தில் நிலைமை கொஞ்சம் நல்லது. காதை ஆழத்துக்கே கொண்டுபோவது இதனாலும்தான். பீக்கனைக் கேட்பதற்காகக் கப்பல் இழுத்துச் செல்லும் அமெரிக்கக் கடற்படையின் இழுவைக் கருவி சுமார் 30 கிலோ எடையுள்ள மஞ்சள் நிறப் பட்டம் போன்றது. அதைப் பல கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தில் கட்டி, கடலடிக்குச் சற்று மேலே வருமாறு, கப்பல் நடை வேகத்தில் இழுத்துச் செல்லும். வேகம் கூட்டினால் கருவி மேலெழும், நீர் உராயும் இரைச்சலும் கூடும். திரும்ப வேண்டுமானால் மணிக்கணக்காகும்.

இரண்டு நாட் (மணிக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர்) வேகத்தில், இருபுறமும் ஒன்றரைக் கிலோமீட்டர் கேட்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு நாளில் ஏறத்தாழ 270 சதுர கிலோமீட்டர்தான் கேட்டு முடிக்க முடியும். திரும்பும் நேரத்தைக் கழிக்காமலேயே. 2014ல் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370க்காகப் பின்னாளில் சோனாரால் (ஒலியை அனுப்பி எதிரொலியால் கடலடியைப் பார்க்கும் கருவி) துழாவிய பரப்பு 1,20,000 சதுர கிலோமீட்டர். அதைக் காதால் தேடினால் ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த விமானத்தின் பீக்கனோ ஒரு மாதம்தான் ஒலிக்கும்.

17 ஜனவரி 2024

"எம்எச்370ல் ஒலி கேட்டது என்று ஆஸ்திரேலியப் பிரதமரே சொன்னாரே, அது பொய்யா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொய் இல்லை. ஒலி கேட்டது உண்மை. அது எதன் ஒலி என்பதில்தான் தவறு நேர்ந்தது.

2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் சென்ற அந்த போயிங் 777ல் 239 பேர் இருந்தார்கள். செயற்கைக்கோளுடன் அது பரிமாறிய கடைசிச் சமிக்ஞைகளைக் கொண்டு இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஒரு வளைவுக்கோடு வரையப்பட்டது. ஓஷன் ஷீல்டு கப்பல் இழுவைக் கருவியோடு அங்கே தேடலைத் தொடங்கியபோது ஏப்ரல் 4. விமானம் மறைந்து 27 நாட்கள் ஆகிவிட்டன. மின்கலத்தின் காலம் முடிய மூன்று நாட்கள்தான் மிச்சம். அதே நாட்களில் சீனாவின் ஹைசுன் 01 கப்பலின் ஊழியர்கள், ஒரு சிறிய படகிலிருந்து கோலில் கட்டிய ஹைட்ரோபோனை (நீருக்கடியில் கேட்கும் ஒலிவாங்கி) நீரில் அமிழ்த்தி 37.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளைக் கேட்டதாக அறிவித்தார்கள். அங்கே கடலின் ஆழம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர். மேலே எழுதிய கணக்கைப் பார்த்தாலே ஐயம் வந்துவிடும்.

ஓஷன் ஷீல்டு முதல் தடவை 2 மணி 20 நிமிடங்கள் தொடர்ந்து கேட்டது; பிறகு 13 நிமிடங்கள்; ஏப்ரல் 8 அன்று இன்னும் இரண்டு தடவை, சில நிமிடங்கள் வீதம். அதிர்வெண் 33.3 கிலோஹெர்ட்ஸ், துடிப்புகளுக்கு இடையே 1.106 நொடி. இடைவெளி பீக்கனுக்குப் பொருந்தியது. அதிர்வெண் பொருந்தவில்லை, ஆழத்தின் அழுத்தத்தாலும் பலவீனமான மின்கலத்தாலும் அது கீழிறங்கியிருக்கலாம் என்று அப்போது விளக்கம் சொல்லப்பட்டது. கேட்ட இடங்களோ ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளி இருந்தன. ஒரே இடத்தில் கிடக்கும் சிறு பீக்கன் அப்படிக் கேட்காது.

அதன் பிறகு புளூஃபின்-21 என்ற தானியங்கி ஊர்தி மே இறுதி வரை அந்த இடத்தைச் சுற்றி 850 சதுர கிலோமீட்டரைத் துழாவியது. எதுவும் இல்லை. தேடும் கப்பலிலிருந்தோ இழுவைக் கருவியின் மின்னணுவிலிருந்தோ அந்த ஒலி வந்திருக்கலாம் என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2015 மார்ச்சில் வெளியான மலேசிய இடைக்கால அறிக்கை, பறப்புத் தரவுப் பெட்டியின் பீக்கன் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகிவிட்டது என்று பதிவு செய்தது. குரல் பதிவுப் பெட்டியினுடையது செல்லுபடியில் இருந்தது. அதாவது அந்த ஏப்ரலில் அத்தனை கப்பல்களும் உண்மையில் ஒரே ஒரு மின்கலத்தை நம்பித்தான் கடலில் நின்றிருக்கக்கூடும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

18 ஜனவரி 2024

சொன்னபடி என் அனுபவம். கடலடி நீரோட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைச் சட்டத்தில் கட்டி 900 மீட்டர் ஆழத்தில் இறக்கியிருந்தோம். காணாமல் போனால் தேடுவதற்காக, அதிக நாள் தாங்கும் 37.5 கிலோஹெர்ட்ஸ் பீக்கனும் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்து மீட்கப் போனபோது, சட்டத்தை விடுவித்து மேலே வரவைக்கும் விடுவிப்புக் கருவி எங்கள் கட்டளைக்குப் பதில் தரவில்லை. சிறு படகை இறக்கி, கையில் பிடிக்கும் ஹைட்ரோபோனோடு நானும் ஒரு மாலுமியும் கப்பலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனோம். தலையணியை மாட்டியவுடன் கேட்டது. தெளிவான, சீரான துடிப்பு. நான் கையை உயர்த்திக் காட்டினேன், கப்பலில் கைதட்டினார்கள்.

அன்று முழுதும் திசை பிடிக்க முயன்றோம். கருவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒலி கொஞ்சம் இருந்தது. கப்பல் இருந்த பக்கத்தில் சற்றே கூடுதலாக இருந்தது. கருவி கப்பலுக்கு அடியில் கிடக்கிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில்தான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நொடிக்கு ஒன்று வர வேண்டிய துடிப்பு, ஒன்றரை நொடிக்கு ஒன்றாக மாறியிருந்தது. பீக்கன் தன் இடைவெளியை மாற்றிக்கொள்ளாது. ஆழத்துக்கு ஏற்ப இடைவெளியை மாற்றிக்கொள்வது, ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தால் ஆழத்தை அளக்கும் ஆழமானி. எங்கள் கப்பலின் ஆழமானி 38 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. இரவில் காவல் மாறிய அதிகாரி வழக்கப்படி அதை ஓடவிட்டிருந்தார். நான் கேட்டது என் கப்பலையே.

ஆழமானியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் தேடினோம். எதுவும் கேட்கவில்லை. கருவி அங்கே இல்லை, நீரோட்டம் இழுத்துச் சென்றுவிட்டது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு விசைப்படகின் வலையில் சட்டம் சிக்கி மேலே வந்தது. எங்கள் தேடல் எல்லையிலிருந்து நான்கு கடல் மைல் தள்ளி, ஆழம் குறைந்த சரிவில். அதுவரை என் அறிக்கை சரியென்றுதான் தோன்றியது. பீக்கனைக் கழற்றிப் பார்த்தேன். நீர்த் தொடுமுனையின் மேல் வண்ணப்பூச்சின் மெல்லிய படலம் காய்ந்திருந்தது. கரையில் சட்டத்துக்கு வண்ணம் அடித்தபோது பட்டது. அது கடலில் இருந்த எட்டு மாதமும் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. அது என் கப்பலின் அடியிலேயே கிடந்திருந்தாலும் நான் அதே அறிக்கையைத்தான் எழுதியிருப்பேன்.

19 ஜனவரி 2024

நேற்றைய குறிப்பை எழுதும்போது ஏர் பிரான்ஸ் 447 நினைவிலேயே இருந்தது. கேள்வி கேட்டவருக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர்பஸ் ஏ330, 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்தது. கடைசியாக அறியப்பட்ட இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அந்த மாதத்துக்குள்ளேயே இரண்டு இழுவைக் கருவிகளோடு கப்பல்கள் வந்தன. எமரோட் என்ற பிரெஞ்சு அணுசக்தி நீர்மூழ்கியும் வந்தது. ஜூலை 10 வரை கேட்டார்கள். எதுவும் கேட்கவில்லை. ஜூன் பிற்பகுதியில் இழுவைக் கருவி, பின்னாளில் சிதைவுகள் கிடந்ததாகத் தெரியவந்த இடத்துக்கு அருகிலேயே கடந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தப் பகுதியைக் கேட்டாயிற்று, அங்கே இல்லை என்ற எண்ணம் அடுத்தடுத்த தேடல்களின் வரைபடத்தில் படிந்தது. 2010ல் சோனார் தேடல் வேறு இடங்களுக்குப் போனது. 2011 தொடக்கத்தில் மெட்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிதவியலாளர்கள் எல்லாத் தேடல்களையும் நிகழ்தகவுக் கணக்கில் மீண்டும் எடைபோட்டார்கள். இரண்டு பீக்கன்களுமே ஒலிக்காமல் இருந்திருந்தால் என்ற சாத்தியத்தை உள்ளே சேர்த்தபோது, வரைபடத்தின் உச்சி கடைசியாக அறியப்பட்ட இடத்தை ஒட்டியே திரும்பி வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில், அந்தக் கட்டத் தேடல் தொடங்கிய ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள், ரெமஸ் 6000 என்ற தானியங்கிக் கடலடி ஊர்திகள் 3900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டன. கடைசியாக அறியப்பட்ட இடத்திலிருந்து ஆறரைக் கடல் மைல். மீட்கப்பட்ட பெட்டியோடு ஒட்டியிருந்த பீக்கன் சோதனையில் இயங்கவில்லை.

20 ஜனவரி 2024

"நிகழ்தகவுக் கணக்கு எப்படி இடத்தை மாற்றும்?" என்ற கேள்விக்கு, எண்கள் என்னுடைய கற்பனையே என்று சொல்லிவிட்டு ஓர் எடுத்துக்காட்டு. கடல் வரைபடத்தை இரண்டு அறைகளாகப் பிரிப்போம்; விமானம் கிழக்கு அறையில் இருக்கலாம் அல்லது மேற்கு அறையில் இருக்கலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. கிழக்கு அறையில் நின்று கேட்கிறோம், ஒலி இல்லை. "அங்கே இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கேட்டிருக்கும்" என்று நம்பினால், கிழக்கின் வாய்ப்பு ஒன்பது சதவீதமாக விழுந்துவிடும். இனி அங்கே யாரும் போகமாட்டார்கள். "பீக்கன் செத்திருக்கக்கூடும், ஆகவே முப்பதுதான்" என்று கொண்டால், அதே மௌனத்துக்குப் பிறகும் கிழக்கின் வாய்ப்பு நாற்பத்தொரு சதவீதம். கேட்டது ஒன்றுதான்: மௌனம். தன் காதின் மீது வைத்த நம்பிக்கைதான் விமானத்தை இடம் மாற்றுகிறது.

இரண்டு பீக்கன்கள் இருந்தால் ஒன்றாவது பிழைக்கும் என்பார்கள். இரண்டும் விமானத்தின் வால் பகுதியில் அருகருகே இருக்கின்றன. ஒரே மோதலைச் சந்திக்கின்றன. ஒன்று உடைந்தால் மற்றொன்றும் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணுவது தவறு.

20 ஜனவரி 2024, மாலை

எல்லாமே தோல்விதான் என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. 1985ல் அயர்லாந்துக்கு அப்பால் 329 பேரோடு வீழ்ந்த ஏர் இந்தியா கனிஷ்காவின் பெட்டிகளை, சுமார் 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் பீக்கன் ஒலியைப் பிடித்தே மீட்டார்கள். 2004ல் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக் அருகே விழுந்த விமானம், 2007ல் இந்தோனேசியாவின் சுலவேசிக்கு அப்பால் விழுந்த ஆதம் ஏர் விமானம். இவையும் ஒலியால் கண்டறியப்பட்டவையே. இவற்றில் எங்கே தேடுவது என்று ஓரளவு தெரிந்திருந்தது.

ஆழமற்ற கடல் என்றால் எளிது என்பதும் சரியன்று. 2018 அக்டோபரில் ஜாவாக் கடலில் விழுந்த லயன் ஏர் 610 விமானத்தின் தரவுப் பெட்டி மூன்று நாளில் கிடைத்தது. ஆழம் 30 மீட்டர் அளவே. குரல் பெட்டி கிடைத்தது மறு ஆண்டு ஜனவரி 14 அன்று, எட்டு மீட்டர் சேற்றுக்கு அடியில்.

21 ஜனவரி 2024

கடலூர்க்காரர் ஒருவர் கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானத்தை நினைவூட்டியிருக்கிறார். நன்றி, அதை விட்டது என் பிழை. 2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து சென்ற சிஜி-791, மூன்று பேருடன் காணாமல் போனது. சில நாட்களிலேயே கடற்படையின் சந்தாயக் கப்பல் 37.5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை விட்டுவிட்டுக் கேட்டது. சிந்துத்வஜ் நீர்மூழ்கியும் ஈடுபடுத்தப்பட்டது. ஆனாலும் பெட்டி ஒலிம்பிக் கேன்யன் என்ற தனியார் கப்பலின் கடலடி ஊர்தியால் மீட்கப்பட்டபோது ஜூலை இரண்டாம் வாரம்; ஆழம் ஏறக்குறைய 1000 மீட்டர்.

விட்டுவிட்டுக் கேட்பது ஏன் என்று கேட்கிறார். வெப்பநிலை மாறும் நீர்ப்படலங்களைக் கடக்கும்போது ஒலி நேர்க்கோட்டில் போகாமல், தன் வேகம் குறைவாக உள்ள நீரை நோக்கி வளைகிறது. அதனால் ஓரிடத்தில் நன்றாகக் கேட்டு, சற்று நகர்ந்தால் மறையும். கடலூருக்கு வெளியே கடலடி செங்குத்தாகச் சரிகிறது, பள்ளத்தாக்குகளும் உண்டு. ஒரு மேட்டின் மறைவில் பீக்கன் கிடந்தால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் கேட்கும். ஜூன், ஜூலை மாதங்களின் தென்மேற்குக் காற்று வேறு. எங்களுக்கு அந்த மாதங்களில் தலையணியில் கடல் கொதிப்பதுபோலத்தான் இருக்கும்.

அந்த டார்னியரையும் அடுத்த ஆண்டின் ஏஎன்-32ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடல், ஒரே நாட்டின் கப்பல்கள். ஒன்றுக்குப் பலவீனமான குரல் இருந்தது. ஒரு மாதத்தில் கிடைத்தது. மற்றொன்றுக்குக் குரல் இல்லை. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 6000 மீட்டர் வரை இறங்கும் ஊர்தியைப் பெற்று, கடைசியாக அறியப்பட்ட இடத்தில் இறக்கிப் படம் எடுக்கும் வரை 29 குடும்பங்கள் காத்திருந்தன. 37.5 கிலோஹெர்ட்ஸைக் குறைகூறி இத்தனை எழுதிய பிறகும் சொல்கிறேன்: கடலுக்கு மேலே பறக்கும் எந்த விமானமும், இராணுவத்தினுடையதே ஆனாலும், பீக்கன் இல்லாமல் பறக்கக் கூடாது.

23 ஜனவரி 2024

மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி, கல்லடிப் பாலத்தருகே நிலா வெளிச்ச இரவுகளில் துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீன்களைக் கேட்பது இதே முறைதானா என்று கேட்கிறார். ஆம், மரத்தாலான ஹைட்ரோபோன் அது. அங்கே பாடுவது மீனா, சிப்பியா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஒலியைக் கேட்பதும் ஒலித்தது எது என்று அறிவதும் இரண்டு வேலைகள் என்பதை அந்த வாவி பல தலைமுறையாக அறிந்திருக்கிறது.

27 ஜனவரி 2024

அளவைக் கப்பலில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி, தேடலின்போது பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்று தனியாகக் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன்.

தேடலைத் தொடங்குமுன் சோதனைப் பீக்கன் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தேடும் ஆழத்துக்கே இறக்குங்கள். எவ்வளவு தொலைவு வரை கேட்கிறது என்று அந்தக் கடலில், அந்தக் காற்றில், உங்கள் கப்பலின் இரைச்சலோடு அளந்து பாருங்கள். பிறகு "கேட்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். "சோதனைப் பீக்கன் 1400 மீட்டர் வரை கேட்டது; காற்று 18 நாட்; ஆழமானி 06:10க்கு நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர் இன்னார்; அதன் பிறகு இந்தக் கோட்டில் 11:40 வரை கேட்கவில்லை; தேடப்படும் பீக்கன் இயங்குகிறதா என்பது தெரியாது" என்று எழுதுங்கள். கடைசித் துண்டை அதிகாரி அடிக்கச் சொன்னாலும் அடிக்காதீர்கள்.